வெங்கடப்பன் செய்த சட்டத் திருத்தம்

பேரிகை பஸ் நிறுத்தத்தில் திம்மப்பனின் டீக்கடை காலை ஐந்தரைக்குத் திறக்கும். ஆறேமுக்காலுக்கு வெங்கடப்பன் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, மப்ளரை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டு, இந்திய தேசத்தின் எல்லைகளை மூடத் தொடங்குவார். முதல் டீயில் வங்காளதேசத்துப் பக்கம் மூடிவிடும். இரண்டாவது டீயில் ராமேசுவரத்துக் கடற்கரை. அந்த நேரத்தில் ஊருக்கு மேற்கே, பிளாஸ்டிக் கூரை போட்ட அவருடைய பாலிஹவுஸுக்குள் நின்று ரோஜா வெட்டிக்கொண்டிருப்பவர்கள் யார் என்று கேட்டால் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிடும்.

"என் அபிப்பிராயத்தக் கேட்டா சொல்றேன் திம்மப்பா," என்பார். கேட்காவிட்டாலும் சொல்வார். "நாடுன்னா என்னா? வூடு. வூட்டுக்குள்ள யாரு வரணும், யாரு போவணும்னு வூட்டுக்காரன்தான சொல்லணும்? இவங்க போட்டு வெச்சிருக்கறது ஒரு சட்டமா? நான் மட்டும் டெல்லியில இருந்தேன்னு வையி, ஒரே பக்கத்துல மாத்தி எழுதிடுவேன். ஒரு ஆளு, ஒரு ஊரு, ஒரு கார்டு. கார்டு இல்லியா, இருபத்துநாலு மணி நேரம் டைமு. மூட்டையக் கட்டு."

"அகதிங்க என்னா பண்ணுவாங்கண்ணா? அங்க குண்டு போட்டுகினு இருக்கறானே," என்பான் திம்மப்பன், பாலை ஆற்றியபடி.

"குண்டு அங்க போட்டா, அரிசி எதுக்கு இங்க? வருசக்கணக்கா குந்திகினு தின்றாங்க. கேக்க ஆளு இல்ல."

இது 2009 பிப்ரவரியில். டி.வி.யைத் திருப்பினால் இலங்கையின் வன்னிப் போர்தான். அந்த வாரம் ஈழத் தமிழருக்காகக் கடையடைப்பு நடந்தபோது சட்டையில் கறுப்புத் துணி குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டவரும் இதே வெங்கடப்பன்தான். துணி வேறு, அபிப்பிராயம் வேறு என்று வைத்திருந்தார்.

குந்திக்கொண்டு தின்பவர்களில் ஒருத்தி ஜெயமணி. மன்னார்ப் பக்கத்திலிருந்து இருபது வயதில் படகேறி வந்தவள். சூளகிரியைத் தாண்டி ஏரிக்கரையோரம் இருந்த அகதி முகாமில், புருஷன் செத்த பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளோடு பத்தடிக்குப் பத்தடி வீடு. விடிவதற்கு முன்னால் வெங்கடப்பனின் டெம்போ முகாம் வாசலுக்குப் போய் அவளையும் இன்னும் மூன்று பெண்களையும் ஏற்றிக்கொண்டு வரும். உள்ளூர்ப் பெண்கள் எல்லாம் ஓசூர் கம்பெனி பஸ் ஏறப் போய்விட்ட பிறகு, வெங்கடப்பனின் முக்கால் ஏக்கர் ரோஜா இந்த நாலு பேர் கையில்தான் நின்றது.

டிசம்பர் முதல் வாரத்தில் செடியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பிப்ரவரி முதல் வாரத்தில் பூ வரும். ஒரு வாரம் முந்தினாலும் வீண், பிந்தினாலும் வீண். காதலர் தினத்துக்கு என்று ஏதோ குளிர் தேசத்துக்கு விமானத்தில் போகிற பூ அது. மொட்டு விரியாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் வலைத்தொப்பி மாட்டியிருக்கும். விடியலில் வெட்டி, பக்கெட் தண்ணீரில் நிறுத்தி, மேசைக்குக் கொண்டுவந்து, காம்பின் நீளம் பார்த்துப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டவேண்டும். மேசையில் அளவுக்கோடு போட்டிருக்கும். ஜெயமணிக்குக் கோடு வேண்டாம். கையில் எடுக்கும்போதே ஐம்பது சென்டிமீட்டரா அறுபதா என்று விரலுக்குத் தெரியும். மற்றவர்கள் ஒரு கட்டு கட்டுவதற்குள் அவள் மூன்று கட்டிவிடுவாள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கியதுதான் அவளுக்கு வந்த கேடு.

அவளுக்கு எதிரே நின்று கட்டுகளுக்கு அட்டை சுற்றுவது வெங்கடப்பனின் மனைவி சரோஜம்மாள். ஐம்பது வயது. கை முழுக்க முள் கீறல். கணவரின் அபிப்பிராயங்கள் டீக்கடையில் சூடாக இருந்துவிட்டு அவளிடம் வரும்போது ஆறிப்போயிருக்கும். அவள் அவற்றைக் காதில் வாங்கிக்கொண்டதாகக்கூடக் காட்டிக்கொள்வதில்லை. எட்டரைக்கு எல்லோருக்கும் களியும் பிதுக்குப் பருப்புக் குழம்பும் அவள் வீட்டிலிருந்து வரும். முந்தின நாள் ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் எடுத்து வைக்கிற குழம்பு. ஜெயமணி முதலில் களியைப் பார்த்து மிரண்டவள். இப்போது மென்று தின்னாமல் விழுங்கக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"அக்காவைப் பத்தி எதனா தெரிஞ்சுதா?" என்று சரோஜம்மாள் கேட்பாள். ஜெயமணியின் அக்கா குடும்பம் வன்னியில் மாட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தகவலும் இல்லையக்கா. போன மாசம் கடைசியா ஒரு ஆள் கண்டதாம். பிறகு ஒண்டும் தெரியேல்லை."

சரோஜம்மாள் அவள் தட்டைத் தன் பக்கம் இழுப்பாள். இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவாள்.

முகாமில் மாதம் ஒரு நாள் செக்கிங் நடக்கும். வருவாய் ஆய்வாளர் பெரிய பதிவேட்டோடு வந்து மேசை போட்டு உட்காருவார். குடும்பம் குடும்பமாக வந்து நிற்கவேண்டும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் ஒரு தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை பேர் வெட்டு. குடும்பத் தலைவர் பேரே வெட்டுப்பட்டால் மொத்தக் குடும்பத்தின் அட்டையும் செல்லாது. அரிசி நிற்கும், பணம் நிற்கும். அதைவிடப் பெரிது, பதிவேட்டில் இல்லாத ஆள் இந்த மண்ணில் எதற்கு இருக்கிறாள் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லும் இடம் போலீஸ் ஸ்டேஷன்.

டிசம்பரில் கிள்ளு வேலை நடந்தபோது ஜெயமணி ஒரு செக்கிங்கைத் தவறவிட்டிருந்தாள். அப்போதும் "இன்னும் ரெண்டு வரிசதான்" என்று நிறுத்திவைத்தவர் வெங்கடப்பன்.

பிப்ரவரியில் செக்கிங் ஆறாம் தேதி, வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு. அன்று காலை எட்டு மணிக்குப் பூ வாங்கும் ஏஜெண்ட் போன் செய்தான். குளிர்சாதன வண்டி பெங்களூரிலிருந்து சாயங்காலத்துக்குப் பதில் பதினொன்றரைக்கே கிளம்புகிறதாம். கட்டியது நூற்றுச் சொச்சம் கட்டு. கட்டாதது அதைப்போல் இரண்டு பங்கு. வெங்கடப்பன் டீக்கடையிலிருந்து ஓடி வந்தார். தேசம் அன்று ஒரு பக்கம் திறந்தே கிடந்தது.

ஒன்பது மணிக்கு மற்ற மூன்று பெண்களும் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். ஜெயமணியும் கையைக் கழுவினாள்.

"நீ எங்க போற? நீ போனா அறுபது சைசு யாரு பிரிக்கறது?" என்றார் வெங்கடப்பன்.

"இண்டைக்கு செக்கிங் முதலாளி. ஏற்கெனவே ஒருமுறை நான் நிக்கேல்லை."

"தெரியும் தெரியும். பஸ்ஸுல எதுக்குப் போற? பூ ஏத்திகினு டெம்போ ஓசூர் வரைக்கும்தான் போவுது. அங்க வேற வண்டியில மாத்திட்டு பத்து மணிக்கெல்லாம் வந்துடும். உன்ன முகாம் வாசல்ல எறக்கி விடறேன். நான் சொல்றன் இல்ல?"

டெம்போ ஓசூரோடு திரும்பாது, நேராகப் பெங்களூர் போகப்போகிறது என்று சரோஜம்மாளுக்குத் தெரியும். மாற்றுவதற்கு அங்கே வேறு வண்டி எதுவும் கிடையாது. வாயைத் திறந்திருக்கலாம். எதிரில் வெட்டிய பூ பக்கெட் பக்கெட்டாக நின்றது, ஒரு வருஷத்து உழைப்பு. அவள் குனிந்து அட்டை சுற்றினாள். அதைப் பிறகு நினைத்து நினைத்துத் தன்னையே ஏசிக்கொண்டாள்.

பத்துக்கும் டெம்போ வரவில்லை, பத்தரைக்கும் வரவில்லை. பத்து மணி பஸ்ஸும் போய்விட்டது. ஜெயமணி அடுத்த பஸ்ஸைப் பிடித்து முகாமுக்குப் போனபோது மணி பன்னிரண்டரை தாண்டியிருந்தது. மேசையைத் தூக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடச் சீருடையில் வெயிலில் நின்றிருந்தன. "அம்மா பூ வெட்டப் போனவ, வந்திருவா" என்று மூத்தவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஆய்வாளர் சிவப்பு மையில் ஏதோ எழுதிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பூ வெட்டு இருந்ததால் ஜெயமணி வேலைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. ஆய்வாளர் ஒரு வழி சொல்லியிருந்தார். வேலை கொடுத்தவர், இன்ன காரணத்தால் இவளை நான்தான் நிறுத்திவைத்தேன் என்று எழுதி, தன் ரேஷன் கார்டைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவேண்டும். திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள். அதற்குப் பிறகு அறிக்கை கிருஷ்ணகிரிக்குப் போய்விடும்.

சரோஜம்மாள் கணவரிடம் போய் நின்றாள். அவர் வீட்டு வாசலில் ஏஜெண்டிடம் போனில் பேசி முடித்துவிட்டு, நல்ல விலை கிடைத்த சந்தோஷத்தில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடுங்க. பாவம், பொட்டப் புள்ளைங்கள வெச்சிகினு இருக்கறா."

"எவளுக்கு? அவளுக்கா? என் பேரு போலீஸ் ஃபைல்ல போவணுமா?"

"நிறுத்தி வெச்சது நீங்கதான?"

"நான் கட்டியா வெச்சேன்? போறவ போயிருக்கணும். அதும் இல்லாம, சட்டம்னு ஒண்ணு இருக்குது சரோஜா. சட்டப்படி நாள் தவறினா தவறினதுதான். அதுல போயி நம்ம எப்பிடி..."

"காலையில டீக்கடையில அந்தச் சட்டத்த ஓட்டைன்னீங்க. இப்ப அது இரும்பு ஆயிடுச்சா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சரோஜம்மாளுக்குப் புரிந்துவிட்டது. போலீஸும் இல்லை, சட்டமும் இல்லை. கார்டுதான் விஷயம். வெங்கடப்பனிடம் ரேஷன் கார்டு இரண்டு இருந்தது. ஒன்று பேரிகையில். இன்னொன்று நாலு கிலோமீட்டர் தள்ளி, கர்நாடக எல்லைக்குள், அவருடைய அம்மாவின் நிலம் இருந்த ஊரில். அந்தப் பக்கத்து எல்லை ஊர்களில் இது திருட்டு என்று யாரும் நினைப்பதில்லை. அங்கே ஒரு தேர்தலில் குத்திய விரலோடு இங்கே அடுத்த தேர்தலில் குத்துவார்கள். இங்கே அரிசி, அங்கே மண்ணெண்ணெய். சரோஜம்மாளும் அந்த மண்ணெண்ணெயை எரித்தவள்தான். கார்டு நம்பரோடு பேர் ஒரு ஃபைலில் ஏறி, யாராவது தோண்ட ஆரம்பித்தால்?

"ஒரு ஆளு, ஒரு ஊரு, ஒரு கார்டு," என்றாள் சரோஜம்மாள் மெதுவாக. "பஸ் ஸ்டாண்டுல நல்லாத்தான் கூவறீங்க. கேட்டுகினுதான் இருக்கறேன்."

"வாய மூடு. அக்கம்பக்கம் கேக்கும்."

"கேக்கட்டும்னுதான் அங்க போயி கூவறீங்க?"

அவர் எழுந்து மோட்டார் போடப் போய்விட்டார். மோட்டார் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை பூவை ஏற்றி அனுப்பிவிட்டு, சரோஜம்மாள் பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஜெயமணியைக் கூட்டிக்கொண்டு ஒன்பதரை பஸ் ஏறினாள். கணவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

முகாம் வாசலில் இரண்டு அறை கட்டடம். ஆய்வாளர் நாற்பத்தைந்து வயதுக்காரர், சளிப் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை, எதிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது மட்டும் அவர் கொள்கை. சரோஜம்மாள் சொல்லச் சொல்ல அங்கிருந்த எழுத்தர் எழுதினார். பூ வெட்டுக்காக நாங்கள்தான் நிறுத்தி வைத்தோம், டிசம்பரிலும் நாங்கள்தான், அவள் மேல் தப்பு இல்லை. கீழே சரோஜம்மாள் கையெழுத்துப் போட்டாள். அவள் கர்நாடகத்தில் மாலூர்ப் பக்கம் பிறந்தவள். படித்தது நாலாம் வகுப்பு வரை, கன்னடத்தில். கையெழுத்தும் கன்னடத்தில்தான்.

"கார்டு குடுங்கம்மா," என்றார் ஆய்வாளர்.

அவள் கவரிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினாள். எத்தனையோ வருஷமாகக் கார்டு என்றால் அவளுக்குத் தன் பேரைப் படிக்க முடிகிற கார்டுதான். கை பழக்கத்தில் அதைத்தான் எடுத்தது.

ஆய்வாளர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கர்நாடகா கார்டும்மா."

"ஐயோ, அது வேற," என்று அவசரமாக இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது.

எழுத்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் இரண்டு கார்டையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பேர்களைப் பார்த்தார். பிறகு பேனா முனையால் இரண்டையும் அவள் பக்கமாகத் தள்ளினார்.

"எடுத்துக்கோங்க. நான் பாக்கல. இந்தக் கடுதாசியும் நீங்க குடுக்கல, நானும் வாங்கல. பேசாம வூட்டுக்குப் போங்க."

"அப்ப இவ பேரு?"

"அது போயிடும். என்னா பண்றது? கடுதாசி வாங்கினா கார்டு நம்பரு எழுதணும். எழுதினா கண்ணுல பட்டதையும் எழுதணும். நாளைக்கு எவனாவது கேட்டா என் வேலை போவும்."

ஜெயமணி சரோஜம்மாளின் முழங்கையைப் பிடித்தாள். "வேண்டாமக்கா. வாங்கோ, போவம். உங்கட வீட்டில சண்டை வரும்."

சரோஜம்மாளுக்கு அந்த இடத்தில்தான் உடம்பெல்லாம் எரிந்தது. மொத்தமும் போகப்போகிறவள் இவள். இவள் கவலைப்படுவது என் வீட்டுச் சண்டைக்கு. அங்கே ஒருவர் இந்நேரம் இரண்டாவது டீயையும் முடித்துக் கடலுக்குப் பூட்டுப் போட்டிருப்பார்.

"சார், ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "நானும் வெளியூருக்காரிதான். கல்யாணத்துக்கு மறுநாளு மாலூரு பஸ்ஸுல வந்து பேரிகையில எறங்கினேன். பத்தொம்பது வயசு. ஒரு தகர டப்பா. எல்லையில பஸ்ஸு நிக்கக்கூட இல்ல. எவனும் ஏறி, நீ யாரு, எதுக்கு வர்ற, எப்ப போவேன்னு கேக்கல. இந்தத் தேதி வரைக்கும் கேக்கல."

"அது ஒரே நாடும்மா. இது வேற கணக்கு."

"இருக்கட்டும். அதுக்குத்தான் எனக்கு ரெண்டு குடுத்தீங்களா? எங்க வூட்டுக்காரரு டெய்லி சொல்றாரு, சட்டத்த மாத்தணும்னு. நானும் சொல்றேன், மாத்துங்க. விடியக்காலம் பனியில நின்னு வேலை செய்யறவள உள்ள வெச்சிக்கோங்க. டீக்கடையில குந்திகினு நாட்ட மூடறவங்கள மொதல்ல அனுப்பிடுங்க. கடுதாசிய வாங்கிக்கோங்க சார். கண்ணுல பட்டதையும் எழுதிக்கோங்க."

ஆய்வாளர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். "யோசிச்சு சொல்லுங்க. கர்நாடகா கார்டுல நான் கை வெக்க முடியாது. நம்ம கார்டத்தான் ரத்து பண்ணச் சொல்லி எழுதணும். அப்புறம் உங்க வூட்டுக்காரரு தமிழ்நாட்டுல, பேப்பருபடி, இல்லாத ஆளு."

சரோஜம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகம் என்றும் பாராமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எழுத்தரும் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார்.

"எழுதுங்க சார்," என்றாள்.

ஜெயமணியின் பேர் வெட்டுப்படவில்லை. சிவப்பு மைக்குப் பக்கத்தில் நீல மையில் இரண்டு வரி எழுதினார்கள். அவள் வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு அழுதாள். சரோஜம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அதட்டினாள்.

வீட்டில் வெங்கடப்பன் குதித்த குதியை விவரிக்கத் தேவையில்லை. குடும்பத்தைக் கெடுத்தவள் என்றார், சோறு வேண்டாம் என்றார், அன்று ராத்திரியே சோறு தின்றார். பத்து நாளில் ரத்து உத்தரவு வந்தது. புதுக் கார்டுக்குக் கர்நாடகக் கார்டை ஒப்படைத்த சான்று வேண்டும், கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரவேண்டும், இந்த ஆள் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். மனு கொடுக்க அலுவலகத்தில் வரிசையில் நின்று பழக்கமில்லாத மனிதர் மூன்று நாள் நின்றார். கடைசியில் ஒரு பெண் ஊழியர் சொல்லி அனுப்பினார்: வீட்டுக்கு நேரில் வந்து பார்ப்பார்கள், எந்த நாள் என்று சொல்லமாட்டார்கள், வரும்போது ஆள் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

அதிலிருந்து வெங்கடப்பன் டீக்கடைக்குப் போவதில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டு, சலவைச் சட்டையில், காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். ரோட்டில் பைக் சத்தம் கேட்டால் எழுந்து நின்றார். கொல்லைக்குப் போகும்போதுகூட, "யாராவது வந்தா இருக்கறேன்னு சொல்லு, இதோ வந்துடறேன்னு சொல்லு," என்று சொல்லிவிட்டுப் போனார். தேசத்தின் எல்லைகள் பல நாளாக மூடப்படாமல் கிடந்தன. ஒன்றும் கெட்டுவிடவில்லை.

மார்ச் மாதச் செக்கிங் நாள் வந்தது. ஒன்பது மணிக்கு முன்பே சரோஜம்மாள் நாலு பெண்களையும் டெம்போவில் ஏற்றி, டிரைவரிடம் முகாம் வாசலில் இறக்கிவிட்ட பிறகுதான் வேறு வேலை என்று சொல்லி அனுப்பினாள். வெட்டிய பூ பாதி பக்கெட்டிலேயே நின்றது. அவள் தனியாகத் தூக்க முடியாமல் ஆள் பார்க்க வீட்டுக்கு வந்தாள்.

அப்போதுதான் அந்த அதிகாரி வந்தார். சின்னப் பையன், மீசை சரியாக முளைக்காதவன். பைக் எஞ்சினை நிறுத்தாமலே, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கையிலிருந்த தாளைப் பார்த்துக் கூப்பிட்டான்.

"வெங்கடப்பன் யாரு?"

வெங்கடப்பன் வாயில் களி. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எழுந்து, எச்சில் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். "இருக்கறேன் சார். இருக்கறேன். நான்தான் சார். இதே ஊருதான் சார், எங்கப்பன் காலத்துல இருந்து."

பையன் ஒரு டிக் போட்டுக்கொண்டு போய்விட்டான். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வெங்கடப்பன் தூக்கிய கையை இறக்காமல் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ சரோஜா, அவன் என் மொகத்த சரியா பாத்தானா?"

சரோஜம்மாளுக்கு ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அதை அவள் வெளியே வரவிட்டால்தானே.

"பாத்தான், பாத்தான். இந்த நாட்டுல நீங்க இருக்கலாமாம். வாங்க, பக்கெட்டு தூக்க ஆளு இல்ல."